கைராசிக்காரி

ஜூன் 3, செவ்வாய்

முதல் பக்கத்தில் பெயர் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். எழுதிவிட்டேன்: ப. பாக்கியக்கனி, பொறுப்புச் செவிலியர், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு. ஆஸ்பத்திரியில் கனி சிஸ்டர் என்றால்தான் தெரியும். மருந்து கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி, ஐந்து மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம் உண்டு.

வார்டு வாசலில் ஒரு பலகை தொங்கவிட்டிருக்கிறேன். 'கிருமித்தொற்று இல்லாத நாட்கள்' என்று பெயின்டில் எழுதியிருக்கும். பக்கத்தில் எண்ணை மட்டும் சாக்பீஸால் தினமும் நானே மாற்றுவேன். இன்று 200 என்று எழுதினேன். ஒரு கிலோகூட இல்லாமல் பிறந்த குழந்தைகளெல்லாம் படுத்திருக்கும் இடம் அது. நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு தும்மல்கூட வரவழைக்காத கிருமி அவர்களைக் கொண்டுபோய்விடும். அங்கே இருநூறு நாள் என்றால் சும்மாவா? வேறெங்காவது உண்டா என்று யாராவது விசாரித்து வந்து சொல்லட்டும்.

தலைமை டாக்டர் சிதம்பரநாதன் பலகை முன்னால் நின்று, "எப்படி சிஸ்டர் சாதிச்சீங்க?" என்று கேட்டார்.

"எல்லாம் கைதான் சார்" என்றேன்.

உண்மையும் அதுதான். நான் பொறுப்பேற்ற புதிதில் நர்ஸ் பிள்ளைகள் கை கழுவுவதில் ஏமாற்றுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு நாளைக்கு எண்பது தடவை சோப்பும் ஸ்பிரிட்டும் பட்டால் தோல் வெடித்து ரத்தம் கசியும். நான்தான் வழி கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டு மாடியில் தொட்டி தொட்டியாகச் சோற்றுக் கற்றாழை நிற்கிறது. மடலைச் சீவி, ஏழு தண்ணீரில் அலசி, மிக்ஸியில் அடித்து, கொஞ்சம் பன்னீர் விட்டு, வாய் அகன்ற கண்ணாடிக் குப்பியில் கொண்டுபோய் வைப்பேன். கையைக் கழுவித் துடைத்து, இரண்டு விரலால் எடுத்துத் தடவிக்கொண்டு குழந்தையிடம் போக வேண்டியது. அதற்குப் பிறகு ஒருத்தியும் ஏமாற்றவில்லை. இந்த ஆறு வருடத்தில் அந்தக் குப்பி காலியானதே இல்லை. அடியில் இரண்டு விரற்கடை இருக்கும்போதே புதியதை மேலே ஊற்றிவிடுவேன்.

ஜூன் 5, வியாழன்

ஏழாம் நம்பர் குழந்தையின் அம்மா மாரிச்செல்வி, இருபத்திரண்டு வயது, தீப்பெட்டி ஆபீசில் வேலை. குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. எடை ஆயிரத்து நூறு கிராம். இன்று முதன்முதலாகக் குழாய் வழியாகப் பால் கொடுக்க வேண்டும். ஜூனியர் நர்ஸ் ஜெனிஃபா தயாராக நின்றாள். மாரிச்செல்வி விடவில்லை.

"சிஸ்டர், நீங்களே குடுங்க. கனி சிஸ்டர் கைராசிக்காரி, அவிய கை பட்டாப் பொழச்சிக்கிடும்னு எங்க தெருவுல சொல்லுதாவ."

ஜெனிஃபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முப்பத்தோரு வருடமாகக் கேட்கிற வார்த்தைதான், இன்னும் புளிக்கவில்லை. கழுவினேன், துடைத்தேன், தடவினேன், இரண்டு மில்லி பால் கொடுத்தேன். குழந்தை வாந்தி எடுக்கவில்லை.

துப்புரவுக்கு வருகிற பேச்சித்தாய் குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கும் கை எரியுது சிஸ்டரம்மா, பினாயிலு பட்டுப் பட்டு" என்றாள். "இது குழந்தையைத் தொடுறவங்களுக்கு" என்று சொல்லிவிட்டேன். சரிதானே? துடைப்பம் பிடிக்கிற கையை அதில் விட முடியுமா?

ஜூன் 10, செவ்வாய்

207. தரச் சான்றிதழுக்காக மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்து பார்த்தார்கள். வெளிப்பொருள் எதுவும் வார்டுக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. குப்பியை என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, அவர்கள் போனதும் எடுத்து வெளியே வைத்தேன். விதி எழுதுகிறவர்களுக்குக் கை வெடித்ததில்லை.

"ரொம்ப நல்லாப் பராமரிக்கிறீங்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அதை ஜெனிஃபா போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடி தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார்.

ஜூன் 11, புதன்

நாலாம் நம்பர் குழந்தை காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. உடம்பு சில்லென்று இருக்கிறது. நடு நடுவே மூச்சை நிறுத்துகிறது. ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கிறோம். பலகையில் 208 என்று எழுதினேன்.

ஜூன் 12, வியாழன்

இரண்டாம் நம்பரும் அப்படியே. பலகையில் எதுவும் எழுதவில்லை. ரிசல்ட் வரட்டும்.

ஜூன் 13, வெள்ளி

வந்துவிட்டது. கிளப்சியெல்லா. இரண்டு குழந்தைக்கும் ஒரே கிருமி. வழக்கமான மருந்து எதற்கும் மசியாத ரகமாம்.

லேபிலிருந்து கிருமியியல் டாக்டர் மெஹருன்னிசா, எல்லோருக்கும் நிஸா டாக்டர், நேரில் வந்தார். பார்த்தால் காலேஜில் படிக்கிற பெண் போல இருக்கிறார். பேச்சு மட்டும் கறார். "சிஸ்டர், இது ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்கிற கிருமி. கொஞ்சம் ஈரம் கிடைச்சாப் போதும், பெருகிடும். குழந்தைங்க வீட்டிலிருந்து கொண்டுவரல. இங்கதான் எங்கேயோ உட்கார்ந்திருக்கு. கண்டுபிடிக்கணும்."

என் வார்டில் உட்கார்ந்திருக்கிறதாம்! அவர் போனதும் பலகையை நானே ஈரத்துணியால் துடைத்து, பூஜ்ஜியம் போட்டேன். மற்றவர்கள் துடைத்தால் எனக்குத் தாங்காது.

பேச்சித்தாய் தரை துடைக்கிற வாளியைக் கை கழுவும் தொட்டி அருகே வைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒப்பந்த சூப்பர்வைசரிடம் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து அவள் வர வேண்டாம், வேறு ஆள் அனுப்புகிறேன் என்றார்.

ஜூன் 14, சனி

நிஸா டாக்டர் பஞ்சுக் குச்சிகளோடு வந்து ஒரு இடம் பாக்கி விடாமல் தடவி எடுத்தார். குழாய், தொட்டி, குழந்தைக்குச் சூடு கொடுக்கிற வார்மர், எடை மெஷின், கதவுக் கைப்பிடி. பிறகு எல்லோர் கையிலும் எடுத்தார். பேச்சித்தாய் ஓரமாக நின்றாள். அவளையும் கூப்பிட்டு, "கையை நீட்டுங்கம்மா" என்றார்.

போகும்போது என்னிடம், "வெளியிலிருந்து கொண்டுவர்ற பொருள் ஏதாவது வார்டுல இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"எதுவும் இல்லை மேடம்" என்றேன்.

குப்பி டிராயரில் இருந்தது. ஆனால் அதைப் பொருள் என்று நான் நினைக்கவில்லை. கற்றாழை மூலிகை. அதில் கிருமி எங்கிருந்து வரும்?

ஜூன் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஏழாம் நம்பருக்கும் வந்துவிட்டது. ஆக்சிஜன் வைத்திருக்கிறோம். மாரிச்செல்வி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருக்கிறாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறாள்.

ஜூன் 16, திங்கள்

குழாய் சுத்தம். தொட்டி சுத்தம். வார்மர் சுத்தம். எதிலும் கிருமி இல்லை. என் வார்டை நான் வைத்திருக்கிற லட்சணம் அது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கைகளில் இருக்கிறது. ஜெனிஃபா கையில், இன்னொரு நர்ஸ் வசந்தமலர் கையில், என் கையில். பதினைந்து நாள் லீவு முடிந்து சனிக்கிழமைதான் வேலைக்குத் திரும்பிய நர்ஸ் அருள்மொழியின் கையில் இல்லை. பேச்சித்தாய் கையில் இல்லை.

"லேபில் சீட்டு மாறியிருக்கும்" என்று நிஸா டாக்டரிடமே சொல்லிவிட்டேன். எண்பது தடவை கழுவுகிற கையில் கிருமியாம், பினாயில் வாளி தூக்குகிற கை சுத்தமாம். இதை யார் நம்புவார்கள்? அவர் கோபப்படவில்லை. "மாறல சிஸ்டர். நானும் அதைத்தான் யோசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 17, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. கற்றாழை வெட்டவில்லை. மாடி ஏற நேரமில்லை. "என்ன கனி, மடல் வேண்டாமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். தலைவலி என்றேன்.

ஜூன் 18, புதன்

இன்று காலை மீட்டிங். கிருமி எங்கே இருக்கிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரியாவிட்டால் வார்டை மூடிவிடுவார்கள். ஒன்பது குழந்தைகளையும் ஆம்புலன்ஸில் எழுபது கிலோமீட்டர் தள்ளி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். "ஏழாம் நம்பர் தாங்குமா சார்?" என்று கேட்டேன். "கூட ஒரு டாக்டரை அனுப்புறேன்" என்றார் சிதம்பரநாதன் சார். அவர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

வார்டுக்குத் திரும்பியதும் ஜெனிஃபா, "சிஸ்டர், குப்பி எங்க? கை எரியுது" என்றாள். உடைந்துவிட்டது என்றேன். குப்பி டிராயரில், பூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. முப்பத்தோரு வருடத்தில் என் ஜூனியரிடம் நான் சொன்ன முதல் பொய்.

மதியம் மாரிச்செல்வி என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், ரெண்டு நாளா எம் புள்ளயத் தொடவே மாட்டுக்கீயளே? நான் எதும் தப்பாப் பேசிட்டனா? ஒரே ஒரு தடவ தொட்டுருங்க. உங்க கை பட்டாச் சரியாப் போவும்."

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இனி மறைத்து எழுதி என்ன? இந்த டைரியை வேறு யார் வாசிக்கப் போகிறார்கள்? எனக்குத் திங்கட்கிழமையே தெரியும்; அதனால்தான் அன்றே குப்பியைப் பூட்டினேன், குழந்தைகளைத் தொடாமலும் இருந்தேன். குப்பியில் விரல் விட்டவர்கள் கையில் கிருமி இருக்கிறது. லீவில் இருந்தவள் கையில் இல்லை. பேச்சித்தாய் கேட்டும் நான் கொடுக்கவில்லை, அவள் கையிலும் இல்லை. அரைப் பக்கத்தில் முடிகிற விஷயம். அதை எழுத எனக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

குப்பியை எடுத்துக்கொண்டு லேபுக்கு நடந்தேன். பைக்குள் வைக்கவில்லை, துணி போட்டு மூடவில்லை. ஓ.பி. கூட்டத்துக்கு நடுவே, எல்லோரும் பார்க்க, கையில் பிடித்துக்கொண்டு போனேன். எதைச் செய்தாலும் நிமிர்ந்து செய்துதான் பழக்கம்.

நிஸா டாக்டர் மேஜையில் வைத்து, "நீங்க சனிக்கிழமை கேட்டதுக்கு இன்னைக்குப் பதில் சொல்றேன் மேடம்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டிச் செடி, ஏழு தண்ணீர், பன்னீர், காலியாகவே விடாத பெருமை, டிராயர், ஜெனிஃபாவிடம் சொன்ன பொய், எல்லாம்.

அவர் மூடியைத் திறக்காமல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஒரு தடவைகூட முழுசாக் கழுவினதில்லையா சிஸ்டர்?"

"இல்லை மேடம். அடியில கொஞ்சம் இருக்கும்போதே ஊத்திடுவேன்."

"தயிருக்கு உறை ஊத்துற மாதிரி" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. எனக்குத்தான் குத்தியது. யாரோ ஒருத்தியின் விரலிலிருந்து ஒரு நாள் உள்ளே போயிருக்கும். பழசு மிச்சம் இருக்க இருக்க, நான் கற்றாழையை ஊற்றி ஊற்றி வளர்த்திருக்கிறேன்.

அவர் உடனே சிதம்பரநாதன் சாருக்குப் போன் போட்டார். குப்பியின் ரிசல்ட் வரும்வரை வார்டை மூட வேண்டாம், குழந்தைகளை நகர்த்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏழாம் நம்பர் ஆம்புலன்ஸில் ஏறவில்லை. இன்றைக்கு அது போதும்.

ஜூன் 21, சனி

குப்பியில் அதே கிருமி. லேபில் கிருமி வளர்த்துப் பார்க்கிற தட்டு முழுக்க இடைவெளி இல்லாமல் வளர்ந்திருந்தது. நிஸா டாக்டர் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்தேன். கண்ணை வேறுபக்கம் திருப்பவில்லை.

"அறிக்கைல 'பொதுவாப் பயன்படுத்தின குப்பி'ன்னு மட்டும் எழுதிக்கிறேன் சிஸ்டர். யார் கொண்டுவந்ததுன்னு போட வேண்டியதில்ல" என்றார். நல்ல மனசு.

"பேர் போடுங்க மேடம். பலகையில இருநூத்தெட்டு நாள் என் பேரைத்தானே எல்லாரும் சொன்னாங்க? இதுக்கும் போடுங்க" என்றேன். அவர் எழுந்து நின்றார். எனக்காக ஒரு டாக்டர் எழுந்து நின்றதை நான் இங்கே எழுதாமல் விட மாட்டேன்.

சாயங்காலம் பேச்சித்தாய் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போனேன். வாசலில் ஆட்டுக்குட்டிக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். "உன்மேல அபாண்டமாச் சொல்லிட்டேன் பேச்சி. மன்னிச்சிரு. திங்கக்கிழமை வேலைக்கு வா, சூப்பர்வைசர்ட்ட நானே பேசிட்டேன்" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஆட்டை விட்டு எழுந்திருக்கவேயில்லை.

"வாரேன் சிஸ்டரம்மா. எங்கையில கிருமி இல்லன்னு டாக்டரம்மா சீட்டு எழுதுனாவல்லா, அதுல ஒண்ணு எனக்கு வேணும்."

"எதுக்குடி?"

"பிரேம் போட்டு மாட்டுவேன். உங்க ஆசுபத்திரியிலயே என் கைதான் சுத்தமாம்லா?"

ஒரு பேச்சுக்குக்கூட என்னைச் சும்மா விடவில்லை. விடவும் கூடாது. காபி கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 23, திங்கள்

மூன்று தாய்மாரையும் உட்காரவைத்து, சிதம்பரநாதன் சார் பக்கத்தில் இருக்க, நானே சொன்னேன். உங்கள் குழந்தைகளுக்கு வந்த நோய் நான் கொண்டுவந்த குப்பியிலிருந்து எங்கள் கைக்கு வந்தது, எங்கள் கையிலிருந்து குழந்தைக்குப் போனது என்றேன். சுற்றி வளைக்கவில்லை. நாலாம் நம்பரின் தாய் சாரைப் பார்த்து, "இப்ப புள்ள நல்லாருக்கால்லா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டாம் நம்பரின் தாய் சத்தம் போட்டாள். போடட்டும்.

மாரிச்செல்வி என் கையையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இனிமே எம் புள்ளயத் தொடாதீய."

"சரிம்மா" என்றேன்.

ஜூன் 30, திங்கள்

மெமோ வந்தது. சர்வீஸில் முதல் மெமோ, நானே கேட்டு வாங்கியது. பதிலாக இரண்டு பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில் செய்ததை ஒப்புக்கொண்டேன். இரண்டாவது பக்கத்தில், நர்ஸ்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் ஆளுக்கொரு தனி டியூபாகக் கை வெடிப்புக்குக் களிம்பு ஆஸ்பத்திரியே கொடுக்க வேண்டும், கொடுத்திருந்தால் என் குப்பிக்கு வேலையே இருந்திருக்காது என்று எழுதினேன். தப்பு செய்தவள் பேசக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

பொறுப்பை எடுத்துவிட்டார்கள். நாளையிலிருந்து தடுப்பூசிப் பிரிவு. நாலாம் நம்பர் வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டாம் நம்பர் நாளை மறுநாள் போகும். ஏழாம் நம்பருக்கு ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 2, புதன்

மாடியில் கற்றாழை பூத்திருக்கிறது. வெட்டி எறிந்துவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். செடி என்ன செய்யும் என்றேன்.

ஜூலை 9, புதன்

களிம்பு டியூப் வந்துவிட்டதாம். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். முதல் டியூபைப் பேச்சித்தாய்க்குக் கொடுத்ததாக ஜெனிஃபா போனில் சொன்னாள். நான் சொல்லிக்கொடுக்காமலே செய்திருக்கிறாள். என் ஜூனியர் அல்லவா.

பலகையில் இருபத்து நாலு. ஏழாம் நம்பர் இன்று வீட்டுக்குப் போகிறது என்றும் சொன்னாள். தடுப்பூசிப் பிரிவு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாரிச்செல்வி குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். கூட வந்தவர்களில் யாரையும் தொட விடவில்லை.

ஜூலை 23, புதன்

தடுப்பூசி நாள். நல்ல கூட்டம். ஒன்றரை மாத ஊசிக்கு வந்த வரிசையில் மாரிச்செல்வி நின்றாள். குழந்தைக்கு உடம்பு சரியில்லாததால் தள்ளிப்போன ஊசி. பெயர் சுபிக்ஷா என்று அட்டையில் இருந்தது. எடை இரண்டு கிலோ நூறு.

நான் எழுந்து, அடுத்த மேஜை நர்ஸைக் கூப்பிட்டேன். "இந்தக் குழந்தைக்கு நீ போடும்மா."

மாரிச்செல்வி நகரவில்லை.

"நீங்க போடுங்க" என்றாள்.

"நீ தொட வேண்டாம்னு சொன்னியேம்மா."

"சொன்னேன். அன்னைக்கு யாருன்னே தெரியாமப் பூசி மெழுகியிருந்தா எனக்கு என்ன தெரிஞ்சிருக்கப் போவுது? நீங்கதான சொன்னீய." சுவரோரம் இருந்த குழாயைக் கண்ணால் காட்டினாள். "கையக் கழுவிட்டு வாங்க. நான் பாத்துக்கிட்டு நிக்கேன்."

கூட்டம் முழுக்கப் பார்த்தது. குழாயைத் திறந்தேன். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு. முப்பத்தோரு வருடமாக நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு நின்று சொல்லிக்கொடுத்ததை, இருபத்திரண்டு வயது தீப்பெட்டி ஆபீஸ் பெண் நின்று சரிபார்த்தாள். வெடிப்புகளில் சோப்பு இறங்கி எரிந்தது. முதுகை நிமிர்த்தி நின்றுதான் கழுவினேன். கைராசிக்காரி என்று கேட்டபோதெல்லாம் வராத பெருமை அப்போது எனக்கு வந்தது.

துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கக் கை நீட்டினேன்.

"இடது கட்டவெரல விட்டுட்டீய" என்றாள் மாரிச்செல்வி.

விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. திரும்பிப் போய் முதலிலிருந்து கழுவினேன்.